குடலுக்கும் தொழுவுரம் வேண்டும்

மருந்துக்கடையில் 'நல்ல பாக்டீரியா' மும்முரமாக விற்கிறது. நம் வயிற்றுக்குத் தேவை அந்தக் குட்டி பாட்டிலா, தட்டில் விழும் காய்கறியா?

காலை எட்டு மணி. திண்டுக்கல் பக்கத்து ரெட்டியார்சத்திரத்தில் பழனி ரோடு முழுவதுமாக விழித்துக்கொண்டுவிட்டது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய்க் கட்டுகளை ஏற்றிய மினி வேன் ஒன்று, திண்டுக்கல் பஸ்ஸைத் தாண்ட முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. பஸ் ஸ்டாப்பை ஒட்டிய மருந்துக்கடையில் ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. அதற்குள் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்துவிட்டார்.

"தம்பி, பிள்ளைக்கு நேத்து ராத்திரியிலருந்து வயித்தால போகுது. ஆறேழு தடவை போயிருச்சு. ஏதாச்சும் மருந்து குடுங்க."

"வாந்தி இருக்காக்கா?"

"வாந்தி இல்ல. மேலு லேசா சுடுது."

கடைக்காரரின் கை பழகிய இடத்துக்குப் போகிறது. ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப். அடுத்து, விரல் நீளமே உள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டில். "இது நல்ல கிருமிக்கா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"கஞ்சி குடுக்கலாமா?"

"ரெண்டு நாளைக்கு வேணாம்க்கா. வயிறு காயட்டும்."

அந்தப் பெண் காசைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார். கடையின் மூலையில் தொங்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகளை அவரும் கேட்கவில்லை, இவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இதை ஒரு கடையின் குறையாகப் பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் இதே பேச்சைக் கேட்கலாம். இரண்டு நிமிடத்தில் அங்கே மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. குழந்தையின் குடலில் உள்ள பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து போனது. வெளியிலிருந்து பாக்டீரியாவைச் சேர்க்கும் மருந்து போனது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகும் கஞ்சி நின்றது. இந்த மூன்றில் எது சரி, எது தவறு என்று ஆராய்ந்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் நம் வேலூர்க்காரர்கள்.

உள்ளே இருப்பவர்கள்

இரைப்பையில் அமிலம் அதிகம். அங்கே நுண்ணுயிர்கள் குறைவு. சிறுகுடலில் கொஞ்சம் கூடும். பெருங்குடலுக்கு வந்தால்தான் அவற்றின் பேருலகம். நாம் சாப்பிடும் சோறு, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் பெரும்பகுதியைச் சிறுகுடலே செரித்து உறிஞ்சிவிடும். நார்ச்சத்தைச் செரிக்கும் நொதி மட்டும் மனித உடலில் இல்லை. கீரைத் தண்டு, அவரைத் தோல், வெங்காயத்தில் உள்ள சில சர்க்கரைகள் எல்லாம் அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேர்கின்றன.

அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இவற்றில் பியூட்டிரேட்தான் பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள். அது குறைந்தால் சுவர் நலியும். வைட்டமின் கே-யும் சில பி வைட்டமின்களும் இந்த நுண்ணுயிர்களால் உருவாகின்றன. நோய்க்கிருமிகள் வந்து ஒட்ட இடமில்லாமல் செய்வதும், எது எதிரி, எது உணவு என்று நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பழக்குவதும் இவைதான்.

இந்தக் குடியேற்றம் பிறக்கும்போது தொடங்குகிறது. தாய்ப்பாலில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. பிஃபிடோபாக்டீரியா என்ற குடல் நுண்ணுயிருக்கு அவைதான் தீனி. தாய்ப்பால் குழந்தையோடு சேர்த்து அதன் குடலில் உள்ள உயிர்களுக்கும் பசியாற்றுகிறது. சுமார் மூன்று வயதில் குழந்தையின் குடல் உலகம் பெரியவர்களுடையதைப் போல நிலைபெறத் தொடங்கும்.

பெட்டிச் செய்தி: எண்களில் குடல்

• சுமார் 38 லட்சம் கோடி: 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் இருக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை. மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. 'ஒரு செல்லுக்குப் பத்து பாக்டீரியா' என்ற பழைய கணக்கை 2016-ல் வெளியான ஆய்வு திருத்திவிட்டது.

• சுமார் 200 கிராம்: இத்தனை பாக்டீரியாக்களின் மொத்த எடை.

• 1908: நோய் எதிர்ப்புச் சக்தி குறித்த ஆய்வுக்காக எலி மெட்ச்னிகாஃப் நோபல் பரிசு பெற்ற ஆண்டு. புளித்த பாலில் உள்ள பாக்டீரியா ஆயுளை நீட்டிக்கும் என்ற கருத்தை உலகெங்கும் பரப்பியவர் அவர்.

• 2001: 'போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்' என்று புரோபயாட்டிக்குக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இலக்கணம் வகுத்த ஆண்டு.

வேலூர் கண்டுபிடித்தது

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குடல் நோய்த் துறையில் பணியாற்றிய மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலரா வந்த 48 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ்., இன்னொன்றுக்கு அரிசி மாவு கலந்த ஓ.ஆர்.எஸ்., மூன்றாவது குழுவுக்குச் சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்த ஓ.ஆர்.எஸ்.

ஓ.ஆர்.எஸ். வேலை செய்யும் விதம் எளிது. சிறுகுடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே உள்ளே போகும். அவற்றோடு தண்ணீரும் போகும். பேதியில் இழந்த நீர் உடலுக்குத் திரும்பிவிடும். ஆனால் பேதி நிற்கச் சில நாள் பிடிக்கும். வேலூர் மருத்துவர்களின் கவனம் பெருங்குடலின் பக்கம் திரும்பியது. அங்கே நீரை உறிஞ்சும் திறன் நிறையவே உண்டு. அந்தத் திறனைத் தூண்டுபவை குறுங்கொழுப்பு அமிலங்கள். அவற்றைத் தயாரிப்பவை பாக்டீரியாக்கள். அந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனி போட்டால் என்ன ஆகும்?

செரிக்காத மாவுச்சத்தைக் குடித்தவர்களுக்குப் பேதியின் அளவு குறைந்தது. மற்றவர்களைவிடச் சீக்கிரமாக நின்றும்போனது. வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவையும் அவர்கள் உள்ளே அனுப்பவில்லை. நோயாளியின் குடலில் எஞ்சியிருந்த சொந்த பாக்டீரியாக்களே அந்த வேலையைச் செய்து முடித்தன.

இதற்கு அடுத்த ஆண்டு வங்கதேசத் தலைநகர் டாக்காவிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. பேதி நிற்காமல் நீடித்த 62 ஆண் குழந்தைகளில் சிலருக்கு அரிசி உணவோடு வேகவைத்த வாழைக்காயைச் சேர்த்தார்கள். வெறும் அரிசி உணவு பெற்றவர்களைவிட அந்தக் குழந்தைகள் விரைவாகத் தேறினார்கள். பேதிக்கு வாழைக்காய் கொடுக்கும் கைவைத்தியத்துக்குள் இருந்த காரணம், குடல் பாக்டீரியாவுக்குத் தீனி போடுவதுதான். பேதி வந்த குழந்தைக்குச் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் படித்துப் படித்துச் சொல்வதற்குப் பின்னாலும் இந்தக் காரணம் இருக்கிறது. 'வயிறு காயட்டும்' என்று சொல்லிக் காயப்போடுவது, குழந்தையின் பலத்தையும் அதன் குடலில் வாழும் உயிர்களையும் சேர்த்துத்தான்.

கன்னிவாடி பெண்களுக்குத் தெரிந்த பாடம்

ரெட்டியார்சத்திரம் பகுதி விவசாயிகளிடம் நுண்ணுயிர் பற்றிப் பேசினால் முகம் மலரும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ் எல்லாம் இங்கே வேளாண் விரிவாக்க மையத்தில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் பொருட்கள். பக்கத்தில் உள்ள கன்னிவாடி வட்டாரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உயிர்க்கிராமத் திட்டத்தை நடத்தியபோது, மகளிர் சுய உதவிக் குழுவினர் டிரைக்கோடெர்மா பூஞ்சாணத்தைத் தாங்களே தயாரித்து விற்கக் கற்றுக்கொண்டார்கள். வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சாணம் அது.

டிரைக்கோடெர்மா பாக்கெட்டைப் பிரித்து வெறும் மண்ணில் யாரும் கொட்டுவதில்லை. மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, ஈரம் பார்த்து, நிழல் பார்த்துப் போடுவார்கள். மண்ணில் அங்ககச் சத்து இருந்தால்தான் அந்த உயிர் தங்கும், பெருகும். இல்லாவிட்டால் பாக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீண். போட்ட கையோடு வீரியமான பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லியை ஊற்றினாலும் வீண்தான்.

குடலுக்கும் கணக்கு இதுவே. புரோபயாட்டிக் என்பது அந்தப் பாக்கெட். காய், கீரை, பயறு, கிழங்கு ஆகியவற்றில் உள்ள நார்ச்சத்தும் செரிக்காத மாவுச்சத்தும் தொழுவுரம். ஆன்டிபயாட்டிக் என்பது கொல்லி. தொழுவுரத்தை நிறுத்தி, கொல்லியை ஊற்றி, பாக்கெட்டை நம்புகிறோம். மண்ணுக்கு நாம் செய்யத் துணியாததை வயிற்றுக்குச் செய்கிறோம்.

புரோபயாட்டிக்: எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை?

புரோபயாட்டிக்கே ஏமாற்று என்று தள்ளிவிடவும் முடியாது. ஒடிசாவின் 149 கிராமங்களில் நடந்து, 2017-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது. மருத்துவர் பினாகி பாணிகிரகி தலைமையிலான குழு, 4,556 பச்சிளம் குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு ஏழு நாட்கள் ஒரு பொடியைக் கொடுத்தது. ரத்தத்தில் கிருமி பரவும் 'செப்சிஸ்' அல்லது மரணம், பொடி பெறாதவர்களில் 9 சதவிகிதம். பெற்றவர்களில் 5.4 சதவிகிதம். அந்தப் பொடியில் இருந்தவை இரண்டு: லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட ரகம், கூடவே அதற்குத் தீனியாக ஃப்ரக்டோ-ஆலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை. வெங்காயத்திலும் வாழைப்பழத்திலும் இருக்கிற அதே வகைச் சர்க்கரை. பாக்கெட்டும் தொழுவுரமும் சேர்ந்து போன இடத்தில் நோய் குறைந்தது.

கொல்கத்தாவின் குடிசைப் பகுதியில் ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான 3,758 குழந்தைகளிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரம் தினமும் புரோபயாட்டிக் பானம் குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு 14 சதவிகிதம் குறைந்தது. பலன் உண்டு, ஆனால் சிறியது. அதற்குப் பன்னிரண்டு வாரம் தவறாமல் குடிக்க வேண்டியிருந்தது.

மறுபக்கம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018-ல் வந்தன. ஒன்றில் 971 குழந்தைகள், மற்றொன்றில் 886 குழந்தைகள். பேதி வந்தபின் புரோபயாட்டிக் கொடுத்தும், வெறும் மாற்றுப் பொடியைக் கொடுத்தும் பார்த்தார்கள். இரு தரப்பும் ஒரே வேகத்தில்தான் குணமானது. 2020-ல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டுதலில், குழந்தைகளின் திடீர் வயிற்றுப்போக்குக்குப் புரோபயாட்டிக் வேண்டாம் என்றது. அதே வழிகாட்டுதல், குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகலைத் தடுக்கக் குறிப்பிட்ட சில ரகங்களை ஏற்றது.

எந்த நோய்க்கு, எந்த ரகம், எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. 'நல்ல கிருமி' என்ற பொதுப் பெயர் அதற்குப் பதிலாகாது. ஒடிசாவில் பலித்த ரகம் ஒன்று, நம் ஊர்க் கடையின் குட்டி பாட்டிலில் இருப்பது வேறொன்றாக இருக்கலாம். ஆபத்தும் உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களிடம் இந்த உயிர்களே ரத்தத்தில் இறங்கி நோயாகலாம். குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாட்டிக் கொடுப்பது பற்றி 2023-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்ததும் ஒரு குழந்தையின் மரணத்துக்குப் பிறகுதான். மருத்துவர் பார்வையில் தருவது வேறு, நாமே வாங்கிப் புகட்டுவது வேறு.

பெட்டிச் செய்தி: லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

• பாக்டீரியாவின் முழுப் பெயரும் ரகக் குறியீடும். 'லாக்டோபேசில்லஸ்' என்று மொட்டையாக இருந்தால் போதாது.

• ஒரு நாள் அளவில் உயிருள்ள நுண்ணுயிர்களின் எண்ணிக்கை. புரோபயாட்டிக் உணவில் இது குறைந்தது 10 கோடி இருக்க வேண்டும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

• காலாவதித் தேதியும் வைக்க வேண்டிய வெப்பநிலையும். குளிரில் வைக்க வேண்டியது வெயிலில் கிடந்தால் உள்ளே உயிர் இருக்காது.

• சர்க்கரை அளவு. இனிப்பான பானங்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

கொல்லியின் விலை

சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாட்டிக் தொடாது. அது தொடுவது குடலில் உள்ள நல்ல உயிர்களைத்தான். ஒரு சுற்று மருந்துக்குப் பிறகு அந்த உலகம் மீளச் சில வாரங்களோ மாதங்களோ பிடிக்கும். சில இனங்கள் திரும்பாமலே போகலாம்.

'ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் என்ன, கூடவே புரோபயாட்டிக்கும் சாப்பிட்டுவிடுகிறோமே' என்று பலர் நினைக்கிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்தது. ஆன்டிபயாட்டிக் முடித்தவர்களில் சிலருக்குப் பல ரக புரோபயாட்டிக் கொடுத்தார்கள். சிலரைச் சும்மா விட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களின் சொந்த நுண்ணுயிர்கள் முதலில் திரும்பின. புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு மாதக்கணக்கில் தாமதமானது. பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எல்லோருக்கும் எழுதித் தரும் பழக்கத்தை இது கேள்வி கேட்கிறது.

நல்ல உயிர்கள் அழிந்த குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி, விடாத பேதியைத் தரும். அதற்கு ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களை நோயாளியின் குடலுக்கு மாற்றும் சிகிச்சையை நெதர்லாந்து மருத்துவர்கள் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் முறையிலேயே 81 சதவிகிதம் பேர் குணமானார்கள். வழக்கமான ஆன்டிபயாட்டிக்கில் குணமானவர்கள் 31 சதவிகிதம். பெருங்குடல் புண் நோய்க்கு இதே சிகிச்சையை உணவுமுறையோடு சேர்த்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2022-ல் நல்ல பலனைக் காட்டினார்கள். அங்கும் உணவைச் சேர்த்தே உயிர்களை அனுப்பினார்கள்.

ஆன்டிபயாட்டிக்கின் தாறுமாறான பயன்பாடு ஊர் முழுவதற்குமான கேடு. 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவர் அமைப்புகள் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டு, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றி நாட்டை எச்சரித்தன. 2014 முதல் முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகள் 'எச்1' பட்டியலில் வந்தன. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். கோழி, மாட்டுத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பது 2019-ல் தடை செய்யப்பட்டது. சட்டம் இருக்கிறது. அது கடை வாசலுக்கு வர வேண்டும்.

பெட்டிச் செய்தி: குழந்தைக்கு வயிற்றுப்போக்கா?

• முதலில் ஓ.ஆர்.எஸ். ஒவ்வொரு முறை போனதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன அளவு என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவில் இல்லாத இனிப்புப் பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைப் பயன்படுத்த 2025 அக்டோபரில் தடை வந்திருக்கிறது.

• துத்தநாக மாத்திரை, 14 நாட்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு தினம் 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதுக்கு 10 மில்லிகிராம். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடிக்கவும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

• தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உணவு உண்ணும் வயதென்றால் கஞ்சி, குழைந்த சாதம், தயிர் சாதம், மசித்த வாழைக்காய் கொடுக்கலாம்.

• மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, உள்வாங்கிய கண்கள், சிறுநீர் குறைவு, சோர்ந்து துவளுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு.

பானையில் இருப்பதும் இட்லியில் இல்லாததும்

'நம் பாரம்பரிய உணவெல்லாம் புரோபயாட்டிக்தான்' என்று வாட்ஸ்அப்பில் பெருமை வலம் வருகிறது. பாதி உண்மை. இட்லி மாவைப் பொங்கவைக்கும் முக்கிய பாக்டீரியா லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்று 1965-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால் ஆவியில் வேகும்போது அவை இறந்துவிடும். புளித்ததால் இட்லி எளிதில் செரிக்கும், சத்துகள் உடலில் சேரும். அது நல்ல உணவு, புரோபயாட்டிக் இல்லை. கொதிக்கவைத்த மோர்க்குழம்புக்கும் இதே கதி.

வீட்டுத் தயிரிலும் கடைந்த மோரிலும் உயிர்கள் இருக்கின்றன. வெண்ணெய்க்குப் பெயர்போன ஒட்டன்சத்திரம் பக்கம் மோருக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் பங்கேற்றார்கள். பத்து வாரம் தயிர் போன்ற புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்ட குழுவினரின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன.

பழைய சோறு இன்னும் சிறப்பு. வடித்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியா பெருகுகிறது. காலையில் சூடாக்காமல் கரைத்துக் குடிக்கிறோம். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். உயிரும் அதற்கான தீனியும் ஒரே கும்பாவில் கிடைக்கின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறை, மாநிலத் திட்டக் குழுவின் உதவியோடு, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று ஆராய முன்வந்ததற்குக் காரணம் இதுதான்.

எச்சரிக்கையும் தேவை. ஆறிய சோற்றை மூடாமல் வெதுவெதுப்பில் விட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரலாம். அதன் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோறு ஆறியதும் காய்ச்சி ஆறவைத்த நீர் ஊற்றி, சுத்தமான பாத்திரத்தில் மூடி, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். நூல் விட்டாலோ வாடை மாறினாலோ கொட்டிவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் பழைய சோற்றையும் சோற்றுக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

லாரியில் ஏறிப்போகும் தீனி

ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. இங்கிருந்து குழித்தட்டு நாற்றுகள் விவசாயிகளுக்குப் போகின்றன. சற்றுத் தள்ளி ஒட்டன்சத்திரம் மார்க்கெட். அங்கிருந்து கேரளத்துக்கு நாள்தோறும் லாரி லாரியாகக் காய் போகிறது. முருங்கை, கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம் எல்லாம் இந்தச் சமவெளியின் செல்வம். மேலே மலையில் விருப்பாச்சி, சிறுமலை வாழை. 2008-ல் புவிசார் குறியீடு பெற்றவை.

இத்தனையும் விளையும் மண்ணில், விளைவிப்பவர் வீட்டுத் தட்டில் சோறே மலையாக இருக்கிறது. காய் ஓரமாக ஒரு கரண்டி. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 85 கிராம் பருப்பு-பயறு வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நம்மில் எத்தனை பேர் இதில் பாதியைத் தொடுகிறோம்?

விளைவு குழந்தைகளிடம் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறது. தட்டு மட்டுமே காரணமில்லை. அசுத்தமான நீரும் திறந்தவெளி மலமும் குடல் சுவரைத் திரும்பத் திரும்பப் புண்ணாக்கினால், சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது, வாய்வழித் தடுப்பு மருந்தும் முழுதாக வேலை செய்யாது. மருத்துவர் ககன்தீப் காங் உள்ளிட்ட வேலூர் ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் இதைத்தான் தோண்டித் துருவினார்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தோடு புரோபயாட்டிக்கும் துத்தநாகமும் கொடுத்துப் பார்த்தபோது கிடைத்த முன்னேற்றம் சிறிதே. சுத்தமான குடிநீருக்கும் கழிப்பறைக்கும் பதிலாக நிற்கும் மாத்திரை கிடையாது.

நம்பிக்கை தரும் செய்தி மீண்டும் டாக்காவிலிருந்து. குடல் நுண்ணுயிர்களைத் தேற்றும் நோக்கத்தோடு அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி கார்டனும் வங்கதேச ஆய்வாளர்களும் ஓர் உணவை வடிவமைத்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். எடை குறைந்த 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். வழக்கமான சத்துணவுப் பசையைவிட அதில் கலோரி குறைவு. ஆனாலும் குழந்தைகள் கூடுதலாகத் தேறினார்கள். அதில் என்ன இருந்தது தெரியுமா? கொண்டைக்கடலை மாவு, நிலக்கடலை, சோயா மாவு, வாழைக்காய். சோயாவைத் தவிர மற்ற மூன்றும் திண்டுக்கல் சந்தையில் அன்றாடம் கிடைப்பவை.

செய்ய வேண்டியது

வீட்டில் தொடங்கலாம். தினம் ஒரு கீரை அல்லது நார்க் காய், ஒரு வேளைப் பயறு, ஒரு டம்ளர் மோர். இதுவரை குறைவாகச் சாப்பிட்டவர்கள் அளவை மெல்லக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். வெங்காயமும் பயறும் ஒத்துக்கொள்ளாத குடல் எரிச்சல் நோயாளிகள் மருத்துவர் சொல்கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும்.

மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் போவதை மருந்து ஆய்வாளர்கள் நிறுத்த வேண்டும். பேதி என்று வருபவர் கையில் முதலில் ஓ.ஆர்.எஸ். போக வேண்டும். கடைக்காரர்கள் இதைச் செய்தால் ஊருக்கு அவர்களே முதல் மருத்துவர்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது பெரியது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மதிய சத்துணவு, அங்கன்வாடி என்று மூன்று வழியில் குழந்தைகளின் வயிற்றை அரசு தொடுகிறது. ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தின் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் தேவையான காயை, இந்த ஒன்றியத்து விவசாயிகளிடமே நியாய விலைக்கு வாரந்தோறும் கொள்முதல் செய்ய வேண்டும். சாம்பாரில் மிதக்கும் நாலு துண்டு போதாது. பொரியலும் கீரையும் தனியாகத் தட்டில் விழ வேண்டும். வாழைக்காயும் கடலையும் சேர்ந்த ஒரு சிற்றுணவை எடை குறைந்த குழந்தைகளுக்கு இங்கே சோதித்துப் பார்க்க, காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. விளைச்சல் இருக்கிறது, சமையல்கூடம் இருக்கிறது, ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. இம்மூன்றையும் இணைத்து ஓர் ஆணை பிறந்தால், குழந்தைகளின் குடல் நலத்தில் நாட்டுக்கே வழிகாட்டும் ஒன்றியமாக இது மாறும்.